ஃபங்ஷனல் புரோகிராமிங் கத்துக்கணும்: எக்ஸ்எஸ்எல்டில ஆரம்பிக்கலாமா, நேரா ஹாஸ்கெலுக்கே போயிடலாமா?

ஃபங்ஷனல் புரோகிராமிங், அதாவது மதிப்புகளை மாத்திக்கிட்டே போகாம ஃபங்ஷன்களைக் கோத்து புரோகிராம் எழுதுற பாணி, எங்க ஆரம்பிக்கிறதுன்னு யார் கேட்டாலும் முதல் பதில் அந்தப் பாணிக்குன்னே செஞ்ச ஹாஸ்கெல் மொழின்னு வரும், ரெண்டாவது பதில் "ஜாவாஸ்கிரிப்ட் தெரியும்ல, அதுலயே மேப், ஃபில்டர், ரெட்யூஸ் போட்டு பழகிக்கோ"ன்னு வரும். எக்ஸ்எம்எல் (டேக் போட்டு எழுதுற டாக்குமென்ட் வடிவம்) டாக்குமென்ட்டை வேற வடிவத்துக்கு மாத்துற மொழியான எக்ஸ்எஸ்எல்டின்னு ஒரு வழி இருக்குறதை யாரும் சொல்றதில்ல, சொன்னா அந்தப் பழைய எக்ஸ்எம்எல் சமாச்சாரமான்னு முகம் சுளிப்பாங்க. எனக்கு இதுல வருத்தம்தான், ஏன்னா தினமும் டாக்குமென்ட்டோட மல்லுக்கட்டுற ஆளுங்களுக்கு, அதாவது பப்ளிஷிங், டெக்னிக்கல் ரைட்டிங், டிஜிட்டல் நூலக வேலைன்னு எக்ஸ்எம்எல் ஏற்கனவே கையில கிடக்குறவங்களுக்கு, இதை விட நல்ல வாசல் இல்லன்னு நான் நம்புறேன். மத்தவங்களுக்கு அப்படி சொல்ல மாட்டேன், அதையும் கீழ பிரிச்சே எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு, எக்ஸ்எஸ்எல்டி நிஜமாவே ஃபங்ஷனல் மொழியா, இல்ல சும்மா ஒட்ட வச்ச பேரான்னு சந்தேகம் வர்றது நியாயம். அதோட பரம்பரையைப் பாருங்க. 1996-ல டிஎஸ்எஸ்எஸ்எல்னு ஒரு ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்ட் வந்துச்சு, எக்ஸ்எம்எல்லுக்கு முன்னோடியான எஸ்ஜிஎம்எல் டாக்குமென்ட்டை ஃபார்மேட் பண்றதுக்கு. அதுக்குள்ள இருந்த மொழி, லிஸ்ப்ங்கிற பழைய மொழியோட குடும்பத்துல வந்த ஸ்கீம்தான், சைடு எஃபெக்ட் (வெளிய இருக்குற மதிப்பை மாத்துறது) வர்ற இடத்தை எல்லாம் வெட்டிட்டு மிச்சம் வச்ச ஸ்கீம். அதுக்கு ஜேட்னு ஒரு இன்ஜின் எழுதினவர் ஜேம்ஸ் கிளார்க், அவரேதான் 1999 நவம்பர்ல வெப் ஸ்டாண்டர்டுகளை வகுக்குற டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்எஸ்எல்டி 1.0-க்கும் எடிட்டர். ஹாஸ்கெலை வடிவமைச்ச குழுவுல இருந்த ஃபிலிப் வாட்லர் எக்ஸ்எஸ்எல்டி பேட்டர்ன்களுக்கு ஃபார்மல் செமான்டிக்ஸ், அதாவது கணித முறையில பொருள் விளக்கம், எழுதியிருக்கார். ஆக மேல இருக்குற சட்டை ஆங்கிள் பிராக்கெட்டா இருந்தாலும் உள்ள இருக்குறது லிஸ்ப் குடும்பத்து ஆள்.

சரி, கத்துக்குறவங்களுக்கு அதனால என்ன கிடைக்குது? ஒரே ஒரு வேலையை எடுத்துக்கிட்டு கிட்டத்துல போய் பார்ப்போம். ஒரு புத்தகத்தோட எக்ஸ்எம்எல் இருக்கு. சாப்டர், அதுக்குள்ள பாரா, பாராவுக்கு நடுவுல எழுத்தோட எழுத்தா அங்கங்க ஃபுட்நோட். எல்லா ஃபுட்நோட்டுக்கும் 1, 2, 3ன்னு நம்பர் போட்டு ஹெச்டிஎம்எல் ஆக்கணும், நம்பர் பாராவுக்குள்ள மேல் எழுத்தா வரணும், நோட்டோட வரிகள் கடைசியில ஒரு லிஸ்ட்டா வரணும். பைத்தான், ஜாவா பழகின கை உடனே மேல ஒரு கவுன்ட்டரை பூஜ்யத்துல வச்சு, ஃபுட்நோட் வர்றப்பல்லாம் ஒண்ணு கூட்டிக்கிட்டே போகும். எக்ஸ்எஸ்எல்டில வேரியபிள்னு பேர் இருக்கும், ஆனா ஒரு தடவை மதிப்பு வச்சா வச்சதுதான், மாத்துறதுக்கு மொழியில இன்ஸ்ட்ரக்ஷனே கிடையாது. தேடிப் பார்த்து, கிடைக்காம, கொஞ்சம் கடுப்பாகி, அப்புறம்தான் கேள்வியையே மாத்திக்கணும்னு புரியும். "கவுன்ட்டர் இப்போ எத்தனையில நிக்குது"ன்னு கேக்கக்கூடாது, "இந்த ஃபுட்நோட்டுக்கு முன்னாடி டாக்குமென்ட்ல எத்தனை ஃபுட்நோட் இருக்கு"ன்னு கேக்கணும். எக்ஸ்பாத்ல, அதாவது டாக்குமென்ட்டுக்குள்ள பாத் போட்டு தேடி எடுக்குற மொழியில, ப்ரிசீடிங்னு ஒரு ஆக்சிஸ் (தேடுற திசை) இருக்கு, அதுல வர்ற ஃபுட்நோட்டை எண்ணி ஒண்ணு கூட்டினா நம்பர் வந்துடும்.

இது வெறும் சுத்தி வளைச்ச வழின்னு தோணலாம், ஆனா அடுத்த தேவை வரும்போதுதான் இதோட அருமை தெரியும். பாராவுக்குள்ள போட்ட நம்பரும் கடைசி லிஸ்ட்ல போட்ட நம்பரும் ஒண்ணா இருக்கணும்ல, கவுன்ட்டர் வச்சவங்க ரெண்டு இடத்துலயும் ஒரே வரிசையில சுத்துறோமான்னு கவலைப்படணும், இல்லன்னா நம்பரை எங்கயாவது சேமிச்சு வச்சு திரும்ப எடுக்கணும். இங்க ரெண்டு இடமும் அதே ஃபுட்நோட்கிட்ட அதே கேள்வியைக் கேக்குது, பதில் மாறவே வழியில்ல, எதை முதல்ல ஓட்டினாலும் சரி, நாலாவது சாப்டரை மட்டும் தனியா ஓட்டினாலும் சரி. சாப்டருக்கு சாப்டர் நம்பர் 1-ல இருந்து வேணுமா, கவுன்ட்டரை எங்க ரீசெட் பண்றதுன்னு யோசிக்கவே வேண்டாம், எண்ணுறப்ப அதே சாப்டருக்குள்ள மட்டும் எண்ணுன்னு சொன்னா போதும். ஒரு மதிப்பு எந்த நேரத்துல கேட்டாலும் அதே மதிப்புதான்னு பாடப்புத்தகத்துல ரெஃபரன்ஷியல் டிரான்ஸ்பரன்சின்னு பெரிய பேர் வச்சு சொல்றாங்களே, அது இதுதான். பேர் தெரியாமயே கைக்கு வந்துடுது, அதுவும் கண்ணுக்குத் தெரியுற பக்கத்துல.

(வேகத்தைப் பத்தி ஒரு வார்த்தை: ஆயிரக்கணக்குல ஃபுட்நோட் இருந்தா ஒவ்வொண்ணுக்கும் முதல்ல இருந்து எண்ணுறது இழுக்கும். அதுக்குன்னே நம்பர்னு ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் 1.0-லயே உண்டு, 3.0-ல அக்யூமுலேட்டர் வந்துடுச்சு. அக்யூமுலேட்டர்ல "பழைய மதிப்பு இது, ஃபுட்நோட் வந்தா புது மதிப்பு இதுகூட ஒண்ணு"ன்னு ரூலா எழுதுவீங்க, அதை டாக்குமென்ட் முழுக்க ஓட்டுறது இன்ஜினோட பொறுப்பு. கிட்டத்தட்ட டாக்குமென்ட் மேல ஒரு ஃபோல்ட், அதாவது ஒவ்வொண்ணா சேர்த்துக்கிட்டே போய் ஒரே மதிப்பாக்குறது.)

இன்னொரு விஷயம் ஃபார் ஈச். பேரைப் பார்த்தா லூப் மாதிரி இருக்கும், லூப்பே இல்ல. அது ஒரு மேப், ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித்தனியா ஒரு பதில், ஒரு சுத்துல இருந்து அடுத்த சுத்துக்கு எதையும் கொண்டு போக முடியாது. இதனாலதான் சாக்ஸன்ங்கிற எக்ஸ்எஸ்எல்டி இன்ஜினோட என்டர்பிரைஸ் எடிஷன்ல ஃபார் ஈச் மேல ஒரு ஆட்ரிபியூட் போட்டாலே பல த்ரெட்ல பிரிச்சு ஓட்டிடும், லாக் அது இதுன்னு நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம். அப்போ ஓடிக்கிட்டே கூட்டுத்தொகை போடணும்னா? டெம்ப்ளேட் (எக்ஸ்எஸ்எல்டில நீங்க எழுதுற ஒரு துண்டு கோட்) தன்னையே கூப்பிடணும், இதுவரைக்கும் வந்த தொகையைப் பாராமீட்டரா கையோட எடுத்துட்டுப் போகணும். ரிகர்ஷனும் அக்யூமுலேட்டர் பாராமீட்டரும் இப்படித்தான் வேற வழியே இல்லாம வந்து சேரும். லிஸ்ட் நீளமா இருந்தா அடுத்த பாடமும் தானா வரும்: எக்ஸ்எஸ்எல்டி-ப்ராக்ங்கிற கமாண்ட் லைன் இன்ஜின்ல டெம்ப்ளேட் ஆழம் டிஃபால்ட்டா 3000-தான், அதைத் தாண்டினா நின்னுடும். லிமிட்டை ஏத்தலாம், ஆனா லிஸ்ட்டைப் பாதி பாதியா வெட்டி ரெண்டு பக்கமும் ரிகர்ஸ் பண்ணினா 1024 ஐட்டத்துக்கு ஆழம் 10-தான் வருதுன்னு கண்டுபிடிக்கும்போது கிடைக்குற சந்தோஷம் தனி.

மூணாவதா டெம்ப்ளேட் ரூல். "இப்படி ஒரு நோடு (டாக்குமென்ட் மரத்துல ஒரு கணு) வந்தா இப்படி மாத்து"ன்னு தனித்தனி ரூல், எது எங்க வரும்னு நீங்க சொல்றதில்ல. எல்லாத்தையும் அப்படியே காப்பி பண்ற ஐடென்டிட்டி டிரான்ஸ்ஃபார்ம் ஒண்ணை வச்சுக்கிட்டு, மாத்த வேண்டிய ஒரே ஒரு எலிமென்ட்டுக்கு மட்டும் மேல ஒரு ரூல் எழுதுறதுதான் இந்த ஊர்ல முதல் பாடம். ஹாஸ்கெல் காரங்க பேட்டர்ன் மேட்சிங்னு சொல்றதுக்கு ரொம்ப நெருக்கம், ஒரு பெரிய வித்தியாசத்தோட, அந்த வித்தியாசத்துக்கு இப்பவே வர்றேன், ஏன்னா தீர்மானம் அங்கதான் இருக்கு.

எக்ஸ்எஸ்எல்டில ஒரு எலிமென்ட்டுக்கு ரூல் எழுத மறந்துட்டீங்கன்னா என்ன ஆகும்? எர்ரர் வராது. பில்ட்-இன் ரூல் ஒண்ணு இருக்கு, அது டேக்கைத் தூக்கிட்டு உள்ள இருக்குற எழுத்தை மட்டும் அவுட்புட்ல கொட்டிடும். டேபிளுக்கு ரூல் இல்லன்னா செல்லுக்குள்ள இருந்த எண்ணெல்லாம் ஒட்டிக்கிட்டு ஒரே வரியா பக்கத்துல வந்து நிக்கும். பாத்ல எலிமென்ட் பேரை ஒரு எழுத்து மாத்தி அடிச்சா அதுவும் பெரும்பாலும் எர்ரர் இல்ல, காலி சீக்வன்ஸ் திரும்பி வரும், காலியை எண்ணினா பூஜ்யம், எல்லா ஃபுட்நோட்டுக்கும் நம்பர் 1. ஹாஸ்கெல்ல இதே வேலையை செய்றப்போ முதல்லயே பாரா, ஹெட்டிங், டேபிள், ஃபுட்நோட்னு டாக்குமென்ட்ல என்னென்ன வரலாம்னு ஒரு டைப்பா எழுதிடுவீங்க, டேபிளை விட்டுட்டா வார்னிங்கை ஆன் பண்ணி வச்சிருந்தா கம்பைலர் "இந்த கேஸ் விட்டுப்போச்சு"ன்னு பேரோட சொல்லும், பேரைத் தப்பா அடிச்சா கம்பைலே ஆகாது. புதுசா ஒரு வகை எலிமென்ட்டை டைப்ல சேர்த்தா எங்கெல்லாம் மாத்தணும்னு லிஸ்ட்டே குடுத்துடும். ஃபங்ஷனல் புரோகிராமிங்ல பாதி சுகம் இந்த டைப்பாலதான், அந்தப் பாதியை எக்ஸ்எஸ்எல்டி உங்களுக்கு சொல்லித்தராது. 3.0-ல ரூல் இல்லாத நோடு வந்தா ஃபெயில் ஆகுன்னு மோடுல சொல்லலாம், கண்டிப்பா சொல்லி வச்சுக்கோங்க, ஆனா அது ஓட்டுறப்போ தெரியுற விஷயம், எழுதுறப்போ தெரியுறது வேற.

அப்போ நேரா ஹாஸ்கெலுக்கே போயிடலாம்லன்னு கேட்டா, போலாம், ஒரு கேள்விக்கு ஆமான்னு பதில் இருந்தா: முதல் சில வாரம் கண்ணுக்குத் தெரியுற மாதிரி உபயோகமா ஒண்ணும் வராம இருந்தாலும் தாங்குவீங்களா? ஹாஸ்கெல்ல ஒரு ஃபைலைப் படிச்சு, மாத்தி, இன்னொரு ஃபைலா எழுதுறதுக்குள்ளயே ஐஓ (ஃபைல் மாதிரி வெளி உலகத்தோட பேசுறது), அதைக் கோக்குற மோனாட், டூ நொட்டேஷன் எல்லாம் எதிர்ல வந்து நிக்கும், அதே ஃபுட்நோட் நம்பரைப் போடணும்னா ஸ்டேட் மோனாட் இல்லன்னா மேப்அக்யூம் எல்னு ஒரு ஃபங்ஷன் தேடிப் போகணும், எக்ஸ்எம்எல் படிக்க எந்த லைப்ரரின்னு வேற தேர்ந்தெடுக்கணும். எல்லாமே அருமையான விஷயங்கள், ஆனா ஒரே நேரத்துல வருது. நிறைய பேர் விட்டுட்டுப் போறது இந்த இடத்துலதான்னு நான் பார்த்திருக்கேன், அவங்களுக்கு மூளை போதாம இல்ல, அவங்க கையில இருந்த வேலை ஒண்ணும் நகரலங்கிறதாலதான். எக்ஸ்எஸ்எல்டில உள்ள வர்றது டாக்குமென்ட், வெளிய போறது டாக்குமென்ட், ஃபைலைத் திறக்குறது, மூடுறது எல்லாம் வெளிய இருக்குற இன்ஜின் பார்த்துக்கும், நீங்க எழுதுறது முழுக்க ப்யூர் ஃபங்ஷன். ஐஓவைப் பத்தி முதல் நாள் பேசவே தேவையில்லாத மொழி ரொம்ப குறைவு, அந்த ஒரு காரணத்துக்காகவே ஆரம்பத்துக்கு இது ஏத்ததுன்னு சொல்வேன்.

டாக்குமென்ட் வேலையை விடாமலே ஹாஸ்கெல் பக்கம் போக ஒரு நடுப்பாதை உண்டு, அது பான்டாக். 2006-ல ஜான் மக்ஃபார்லேன் ஆரம்பிச்சது, முழுக்க ஹாஸ்கெல், மார்க்டவுன்ல இருந்து வேர்ட் வரைக்கும் எதையும் எதுக்கும் மாத்தும். உள்ள டாக்குமென்ட்டுக்கு ஒரு டைப் இருக்கு, பிளாக், இன்லைன்னு ரெண்டு வகை, அந்த டைப் டெஃபினிஷனை ஒரு தடவை நிதானமா உக்காந்து படிச்சாலே அல்ஜிப்ரைக் டைப்னா என்னன்னு புரிஞ்சுடும். அதுக்கு ஃபில்டரை லுவாலயும் எழுதலாம், ஹாஸ்கெல்லயும் எழுதலாம், கத்துக்குறதுக்குன்னா ஹாஸ்கெல்ல எழுதுங்க. உங்க மூலம் மார்க்டவுன்னா, எக்ஸ்எம்எல்லே இல்லன்னா, எக்ஸ்எஸ்எல்டியை விட இதுதான் உங்களுக்கு சரியான ஆரம்பம்.

ஜாவாஸ்கிரிப்ட் வழியைப் பத்தி எனக்கு உறுதியான கருத்து இருக்கு: வேலைக்கு நல்லது, கத்துக்கிறதுக்கு சுமார். 2009-ல ஜாவாஸ்கிரிப்ட்டோட ஈஎஸ்5 ஸ்டாண்டர்ட் வந்தப்போ மேப், ஃபில்டர், ரெட்யூஸ் எல்லாம் மொழிக்குள்ளயே வந்துடுச்சு, அதை எல்லாரும் போடுறாங்க, போட்டுட்டு அதே ஃபங்ஷனுக்குள்ள வெளிய இருக்குற அர்ரேல புஷ்ஷும் பண்றாங்க. கான்ஸ்ட்னு போட்டா மாத்த முடியாதுன்னு நினைக்கிறவங்க உண்டு, அது பேரை வேற மதிப்புக்குக் கட்ட விடாது, அவ்வளவுதான், உள்ள இருக்குற ஆப்ஜெக்ட்டைத் தாராளமா மாத்தலாம். சார்ட் பண்ணினா மூல அர்ரேயே மாறிடும், மாத்தாம புது அர்ரே குடுக்குற டூசார்ட்டட் 2023-லதான் ஸ்டாண்டர்ட்ல வந்துச்சு. கஷ்டமான கேள்வி வர்ற அந்த நிமிஷத்துல, அந்த ஃபுட்நோட் கவுன்ட்டர் மாதிரி, பழைய வழி பக்கத்துலயே திறந்து கிடக்கு, அவசரத்துல யாரா இருந்தாலும் அதுலதான் போவாங்க. கேள்வியை மாத்திக்கிற பழக்கம் அங்க உருவாகுறதே இல்ல. ஏற்கனவே வேற எங்கயாவது அந்தப் பழக்கம் வந்தவங்க ஜாவாஸ்கிரிப்ட்ல பிரமாதமா ஃபங்ஷனலா எழுதுறாங்க, அது வேற விஷயம்.

ஸ்கீம் அல்லது அதுல இருந்து வந்த ராக்கெட் மொழி பத்தி சுருக்கமா சொல்றேன். சின்ன மொழி, ரிகர்ஷனும் ஃபங்ஷனை ஃபங்ஷனுக்கு அனுப்புறதும் இதை விடத் தெளிவா எங்கயும் வராது, படிக்கிறதுக்குன்னே நேரம் ஒதுக்க முடிஞ்ச மாணவர்களுக்கு நான் முதல்ல கை காட்டுறது இதைத்தான். வேலையோட வேலையா கத்துக்கணும்னா இதுக்கு இடம் கிடைக்காது. எக்ஸ்எம்எல்ல தேடுறதுக்கான எக்ஸ்க்வெரி கிட்டத்தட்ட எக்ஸ்எஸ்எல்டியோட தங்கச்சி, எக்ஸ்பாத் ரெண்டுக்கும் பொது, எழுதவும் சுருக்கம், பேஸ்எக்ஸ்ங்கிற எக்ஸ்எம்எல் டேட்டாபேஸ்ல போட்டு உடனே ஓட்டிப் பார்க்கலாம். தேடி எடுத்து அடுக்குற வேலைக்கு அதுதான் சுகம், ஆனா பாராவுக்குள்ள இட்டாலிக், அதுக்குள்ள ஃபுட்நோட், அதுக்குள்ள இன்னொரு இட்டாலிக்னு கலந்து வர்ற எழுத்துக்கு டெம்ப்ளேட் ரூல் இல்லாம கை கட்டின மாதிரி இருக்கும். ஜேசன்ங்கிற டேட்டா வடிவம்தான் உங்க உலகம்னா அதுக்கான ஜேக்யூ டூலைப் பாருங்க, கமாண்ட் லைன்ல ஒரு வரியில ஃபங்ஷன் கோக்குற ருசி அதுல கிடைக்கும், அதோட முதல் வடிவத்தை எழுதினதே ஹாஸ்கெல்லதான்.

எக்ஸ்எஸ்எல்டின்னு முடிவு பண்ணிட்டா எந்த வெர்ஷன்ங்கிறது சின்ன கேள்வி இல்ல, தப்பான வெர்ஷன்ல ஆரம்பிச்சு வெறுத்துப் போனவங்கதான் இந்த மொழிக்கு கெட்ட பேர் வாங்கிக் குடுத்தது. 1.0-ல நீங்களே உருவாக்கின ஒரு மரத்தை வேரியபிள்ல வச்சா அதுக்குள்ள திரும்பப் பாத் போட்டு நடக்க முடியாது, எக்ஸ்டென்ஷன் ஃபங்ஷன் வேணும். ஃபங்ஷனை மதிப்பா அனுப்ப வழியே இல்ல. டிமிட்ரே நோவாட்செவ் எஃப்எக்ஸ்எஸ்எல்னு ஒரு லைப்ரரி எழுதி, ஒரு நோடை ஃபங்ஷனோட அடையாளமா வச்சு, அதுமேல அப்ளை டெம்ப்ளேட்ஸ் போட்டா அந்த ஃபங்ஷன் ஓடுற மாதிரி 1.0-லயே ஃபோல்ட், மேப் எல்லாம் செஞ்சு காட்டினார். அது அபாரமான வேலை, பின்னாடி படிச்சுப் பாருங்க, ஆனா ஆரம்பிக்கிறவங்க தலையில அதை ஏத்தக் கூடாது. 2007-ல வந்த 2.0-ல சொந்த ஃபங்ஷன், சீக்வன்ஸ், குரூப்பிங் வந்துச்சு. 2017 ஜூன்ல வந்த 3.0-லதான் ஃபங்ஷனை மதிப்பா தூக்கிட்டுப் போறது, ஃபோல்ட் லெஃப்ட், மேப், அக்யூமுலேட்டர், இட்டரேட்னு முழு சாப்பாடும் வந்து சேர்ந்துச்சு. அதனால 3.0, வேற பேச்சே வேண்டாம்.

ஆனா சிஸ்டத்துல ஏற்கனவே இருக்குற எக்ஸ்எஸ்எல்டி-ப்ராக் 1.0 மட்டும்தான் ஓட்டும், பிரவுசருக்குள்ள இருக்குறதும் 1.0-தான், அதையும் எடுக்கப் போறதா குரோம் 2025-ல அறிவிச்சுட்டாங்க. அந்த செய்தியைப் பார்த்துட்டு எக்ஸ்எஸ்எல்டியே செத்துப்போச்சுன்னு நினைக்காதீங்க, போகப் போறது பிரவுசருக்குள்ள இருந்த 1.0. 3.0-க்கு சாக்ஸன் ஹெச்ஈ இறக்குங்க, இலவசம், ஓப்பன் சோர்ஸ், எழுதினது 2.0, 3.0 ரெண்டு ஸ்டாண்டர்டுக்கும் எடிட்டரா இருந்த மைக்கேல் கேவோட நிறுவனம். வெர்ஷன் 10 அல்லது அதுக்கு மேல இருக்கணும், ஃபங்ஷனை மதிப்பா அனுப்புற வசதி இலவச எடிஷனுக்கு 2020-ல அந்த வெர்ஷன்லதான் வந்துச்சு. ஜாவா வேண்டாம்னா சாக்ஸன்சின்னு ஒண்ணு இருக்கு, பைத்தான்ல இருந்தே கூப்பிடலாம்.

டீபக் பண்றப்போ ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, மெசேஜ் போட்டா போட்ட வரிசையிலதான் பிரிண்ட் ஆகும்னு எதிர்பார்க்காதீங்க, யாரும் பயன்படுத்தாத வேரியபிளுக்குள்ள மெசேஜ் போட்டா சாக்ஸன் அந்த வேரியபிளைக் கணக்கே பண்ணாது, மெசேஜும் வராது. லேஸி எவாலுவேஷன்னா என்னன்னு அங்க ஒரு தடவை அனுபவிச்சுட்டீங்கன்னா ஹாஸ்கெல்ல அது புதுசா இருக்காது.

எழுத்து நீளம்ங்கிற குறை உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஹாஸ்கெல்ல ஒரு வரியில முடியுறது இங்க அஞ்சாறு வரி டேக்கா விரியும். எக்ஸ்பாத்துக்குள்ள எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிட்டா பாதி குறையும், மிச்சத்தை நல்ல எடிட்டர் பார்த்துக்கும். பதிலுக்கு ஒண்ணு கிடைக்குது, ஸ்டைல்ஷீட்டே எக்ஸ்எம்எல்ங்கிறதால ஒரு ஸ்டைல்ஷீட்டை வச்சு இன்னொரு ஸ்டைல்ஷீட்டை எழுத வைக்கலாம். எக்ஸ்எம்எல்லை சரிபார்க்குற ஸ்கீமட்ரான் ரூல்களை இப்படித்தான் எக்ஸ்எஸ்எல்டியாவே கம்பைல் பண்ணி ஓட்டுறாங்க.

எப்போ இதை விட்டு ஹாஸ்கெலுக்கு நகரணும்ங்கிறதுக்கு நான் பார்க்குற அறிகுறி: ஃபங்ஷனை வாங்கிட்டு ஃபங்ஷனைத் திருப்பித் தர்ற ஃபங்ஷன் எழுத ஆரம்பிச்சுட்டீங்க, எதுக்குள்ள எது போகுதுன்னு கமென்ட்ல எழுதி வச்சுக்கிறீங்க, அப்பவும் தப்பு ஓட்டுறப்போதான் தெரியுது. கமென்ட்ல எழுதுறதை கம்பைலரே சரிபார்த்தா எப்படி இருக்கும்னு அப்போ தோணும். அந்த நேரத்துல புதுப் பயிற்சி எதையும் தேடாதீங்க, ஏற்கனவே எழுதி வச்ச அதே ஃபுட்நோட் டிரான்ஸ்ஃபார்மையே ஹாஸ்கெல்ல திரும்ப எழுதுங்க. முதல்ல டாக்குமென்ட்டோட டைப், அப்புறம் மாத்துற ஃபங்ஷன், ஃபைல் படிக்கிறது கடைசியில. இன்புட்டும் இருக்கு, சரியான அவுட்புட்டும் இருக்கு, ரெண்டையும் டிஃப் போட்டுப் பார்த்துக்கிட்டே போலாம்.